பேக்கர்ஸ் பயிற்சி முகாம் பார்க்கப் போகிறோம்: எந்த நாள், எங்கே உட்காருவது, என்ன கொண்டுபோவது?

சிகாகோவாசி:
வணக்கம். ஜூலைக் கடைசியில் சிகாகோவிலிருந்து கிரீன் பே போய், பேக்கர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சி முகாமைப் பார்க்கலாம் என்று திட்டம். கூட 9 வயதுப் பையன். டிக்கெட் வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? வீரர்கள் பிள்ளைகளின் சைக்கிளில் மைதானத்துக்குப் போவார்களாமே, அதற்கு முன்கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டுமா? ஒரே நாள்தான் லீவு. ஆட்டவிதி ஓரளவு தெரியும். பயிற்சியில் எதைக் கவனிப்பது என்று தெரியாது.

ஓரக்கோடு:
ரே நிட்ஷ்கி மைதானத்தில் நடக்கும் திறந்த பயிற்சிகளுக்கு டிக்கெட்டும் இல்லை, காசும் இல்லை. பேக்கர்ஸ் ஆடும் லாம்போ ஸ்டேடியத்திலிருந்து ஒனைடா தெருவைக் கடந்தால் மைதானம். ஸ்டேடியத்துக்குள் மாலையில் நடக்கும் 'ஃபேமிலி நைட்' வேறு, அதற்குத்தான் டிக்கெட். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எல்லா நாளும் பொதுமக்களுக்குத் திறந்திருக்காது, நேரமும் மாறும். கிளம்புவதற்கு முந்தின இரவு அணியின் இணையதளத்தில் அட்டவணையை மறுபடி பாருங்கள்.

ஒரே நாள் என்றால் ஆகஸ்ட் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். முகாம் தொடங்கிய முதல் சில நாட்கள் ஹெல்மெட்டோடு சரி, தோள் பேடு கிடையாது. வெயிலுக்கும் ஓட்டத்துக்கும் உடம்பு பழகட்டும் என்று வீரர் சங்க ஒப்பந்தத்திலேயே அப்படி இருக்கிறது. அந்த நாட்களில் ஓட்டமும் பாஸும் பார்க்கலாம், மோதல் இருக்காது. முகாம் முழுக்கச் சேர்த்தே பேடு போட்ட பயிற்சி 16-க்கு மேல் நடத்த முடியாது. அதில் ஒன்றைப் பிடிப்பதுதான் சூட்சுமம்.

முகாமில் 90 வீரர்கள் இருப்பார்கள். சீசனுக்கு 53 பேர்தான் மிஞ்சுவார்கள். ஆள் அதிகம் என்பதால் தாக்கும் பக்கம் ஒருவர், தடுக்கும் பக்கம் ஒருவர் என்று ஒரே எண்ணை இருவர் போட்டிருக்கலாம். வீரர் பட்டியலை எண் வரிசையில் அச்சடித்து வாருங்கள். கூட்டத்தில் போன் சிக்னல் சில சமயம் காலை வாரும். சிவப்புச் சட்டை போட்டவர்கள் குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்கள்; அவர்களை யாரும் தொடக்கூடாது.

ஹாரன் அடித்தால் அடுத்த பகுதி ஆரம்பம் என்று அர்த்தம். ஒருவருக்கொருவர் மோதும் பயிற்சியை மட்டும் தவறவிடாதீர்கள், ஆனால் அதை வைத்து ஆளை எடை போட வேண்டாம். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரும் அவரைத் தடுக்கும் கார்னர்பேக்கும் தனியாக மோதும்போது குவார்ட்டர்பேக்கை யாரும் துரத்துவதில்லை. பந்து வர எவ்வளவு நேரமும் ஆகலாம். அதனால் ரிசீவர் ஜெயிப்பது சகஜம். முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்கள் மோதுவதிலும் அப்படித்தான்: குவார்ட்டர்பேக்கைக் காப்பவருக்குப் பக்கத்தில் துணை இல்லை, இடம் நிறைய, அவரைத் தாண்டிப் பாய்கிறவருக்கு லாபம். 7-க்கு 7 பகுதியில் லைன்மேன்களே இல்லை. அங்கே குவார்ட்டர்பேக் மூன்று நொடிக்கு மேல் பந்தை வைத்துக்கொண்டு வீசினால் கைதட்டாதீர்கள், நிஜ ஆட்டத்தில் அதற்குள் தரையில் கிடந்திருப்பார்!

உண்மையான மதிப்பீடு, இரண்டு பக்கமும் முழு ஆட்களோடு மோதும் 11-க்கு 11-ல். உட்காருவது நடுக்கோட்டுக்கு அருகே, மேல் வரிசையில். கீழ் வரிசையில் இருந்தால் ஓரத்தில் நிற்கும் வீரர்களின் முதுகுதான் தெரியும்.

பெடல்_ராசா:
சைக்கிள் பற்றி. பழைய பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. முன்கூட்டிப் பெயர் கொடுப்பதெல்லாம் இல்லை. வீரர்கள் வெளியே வரும் இடத்தில் பிள்ளைகள் சைக்கிளோடு காத்திருப்பார்கள், வீரரே தேர்ந்தெடுப்பார். அவர் ஓட்ட, பிள்ளை ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓட வேண்டும். ஹெல்மெட் கனமானது, ஒரு கையில் தொங்கவிடாமல் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

சவாரி செய்யப் போகிறவர் 100 கிலோவுக்கு மேலும் இருக்கலாம், லைன்மேன் என்றால் 140-ஐத் தொடலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவுக்குக் காற்றடியுங்கள். குறைவாக இருந்தால் ரிம் தரையில் இடித்து டியூப் கிழியும். சீட் நட்டை இறுக்குங்கள், தளர்ந்தால் ஏறியதும் சீட் பின்னால் சாய்ந்துவிடும். பிரேக்கையும் பாருங்கள். பக்கச் சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், அந்தக் கனத்தில் வளைந்துபோகும். பயிற்சி முடிந்து திரும்பும்போதும் இதே ஊர்வலம் உண்டு, எனவே காலையில் அமையாவிட்டாலும் போய்விடாதீர்கள்.

மைப்பேனா:
ஓரக்கோடு சொன்ன மேல் வரிசை ஆட்டம் பார்க்க மட்டும் சரி. 9 வயதுப் பையன் பயிற்சி முழுக்க பாஸ் ரூட்டை, அதாவது ரிசீவர்கள் ஓடும் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்காரமாட்டான். பாதியில் கீழே இறங்கி வேலி ஓரம் நில்லுங்கள்.

கையெழுத்து வாங்குவதானால்: வெளிர் துணிக்குக் கறுப்பு மார்க்கர், பச்சைச் சட்டைக்கு வெள்ளிநிறம். சட்டையை அட்டையில் இழுத்து மாட்டிக் கிளிப் போடுங்கள், இல்லாவிட்டால் மார்க்கர் துணியில் சிக்கி எழுத்து கோணும். பந்து வாங்கினால் வெள்ளைப் பட்டை உள்ளதாக வாங்குங்கள். பழுப்புத் தோலில் மை பரவும். பளபளப்பான கார்டில் மை திரண்டு நிற்கும். முந்தின நாளே பவுடரை மெல்லத் தேய்த்துத் துடைத்துவிட்டால் பிடிக்கும். மூடியைக் கழற்றியே நீட்டுங்கள்; வீரர் நிற்பது சில நொடிதான்.

சிகாகோவாசி:
எல்லோருக்கும் நன்றி. தேதியை ஆகஸ்டுக்கு மாற்றுகிறேன். மழை வந்தால் என்ன ஆகும்? தொலைநோக்கி எடுத்து வரலாமா?

ஓரக்கோடு:
தூறலுக்கு நிறுத்த மாட்டார்கள். மின்னல் என்றால் டான் ஹட்சன் உள்ளரங்குக்குப் போய்விடுவார்கள், அங்கே பார்வையாளருக்கு இடமில்லை. அன்று வானிலை மோசம் என்றால் சிகாகோவிலிருந்து மூன்றரை மணி நேரம் வண்டி ஓட்டாதீர்கள். குடை விரித்தால் பின்னால் இருப்பவர் திட்டுவார், ரெயின்கோட் போதும். தொலைநோக்கி 8 மடங்கு போதும். 12 மடங்கு என்றால் கை நடுக்கத்தில் எண்ணே படிக்க முடியாது. வீடியோ எடுக்கும் முன் அங்கே மாட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.