போத்தனூர் பக்கம் பழைய லைன் வீடு, தண்டவாளம் போட்ட ஆளுங்க இருந்ததுங்களா?

போத்தனூர் பேரன்:
வணக்கமுங்க. என்ற அப்பிச்சி ரயில்வேல கேங்மேனா, அதாவது தண்டவாளத்தைய பராமரிக்கற ஆளா, இருந்தாருங்க, போத்தனூர் தாண்டி லைன் ஓரமா ஒரு வரிசை பழைய குவார்ட்டர்ஸ், அங்கதான் குடியிருந்தாங்க. ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு, முன்னால தாழ்வாரம், மேல மங்களூர் ஓடு, உத்தரத்துக்கு மரம் போடாம பழைய தண்டவாளத்தையே போட்டிருப்பாங்க. இப்ப யாரும் இல்லாம செவுரெல்லாம் விழுந்துட்டு வருது. ஊர்ல கேட்டா வெள்ளைக்காரன் லைன் போட்டப்ப கூலியாளுங்களுக்குக் கட்டுனதுன்னு சொல்றாங்க. நெசமுங்களா? முழுசா விழறதுக்குள்ள விவரத்தோட எழுதி வெச்சரலாம்னு இருக்கறனுங்க.

ஈரோடு ஜங்சன்:
எழுதுங்க தம்பி, கண்டிப்பா எழுதணும். ஆனா லைன் போட்ட ஆளுங்களுக்குன்னு சொல்றத அப்படியே எழுதிராதீங்க. மெட்ராஸ் ரயில்வே 1856ல ராயபுரத்துல ஆரம்பிச்சு ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடுன்னு வந்து 1862 வாக்குல போத்தனூர் தாண்டி கோழிக்கோடு பக்கத்துல இருக்கற பேப்பூர் வரைக்கும் லைன் முடிஞ்சுருச்சு, கோயமுத்தூர் ஸ்டேஷனே 1873ல மேட்டுப்பாளையம் லைனோடதான் வந்துச்சு, அதனால போத்தனூர் நெம்ப பழசுங்கறதுல சந்தேகமே இல்ல. ஆனா மண் வெட்டுனவங்க, கூடை சுமந்த பொம்பளைங்க எல்லாம் வேலை நகர நகர கூடவே நகர்ந்தவங்க, ஓலையோ சோளத்தட்டோ கெடச்சதைய வெச்சு குடிசை போட்டுக்குவாங்க, அடுத்த மைலுக்குப் போறப்ப பிரிச்சுட்டுப் போயிருவாங்க. செங்கல்லு வீடெல்லாம் லைன்ல ரயில் ஓட ஆரம்பிச்சப்பறம் அதைய பாத்துக்கற கேங்மேன், லைன்ல நடந்து தண்டவாளத்தைய சரி பாக்கற கீமேன், வண்டிய லைன் மாத்தி விடற பாயிண்ட்ஸ்மேனுக்குக் கட்டுனதுதான்.

பழைய ஓடு:
வீட்டையே பாத்து கொஞ்சம் கண்டுபுடிக்கலாமுங்க. தண்டவாளத்தோட பக்கவாட்டுல கம்பெனி பேரும் வருஷமும் எழுத்தா எழும்பி இருக்கும், பெயிண்ட் சுரண்டாம சாக்பீஸ் தேச்சா தெரியும். ஆனா அது தண்டவாளம் செஞ்ச வருஷம். புதுத் தண்டவாளத்தைய யாருங்க உத்தரத்துக்குப் போடுவாங்க, லைன்ல கெடந்து தேஞ்சு கழட்டுனதுதான் கூரைக்கு வரும், அப்ப வீடு அதுக்கும் பல வருஷம் பிந்திதான். மங்களூர் ஓட்டுக்கும் அதே கதை, பாசல் மிஷன்னு சுவிட்சர்லாந்து பாதிரிமாருங்க அமைப்பு மங்களூர்ல ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்சதே 1865லதான், 1862ல இந்த ஓடே கிடையாது. ஓட்டுல 1865ன்னு அச்சு இருந்தா அது ஃபேக்டரி ஆரம்பிச்ச வருஷம், ஏமாந்துராதீங்க. அப்பறம் கூரை ஓட்டைய நடுவுல மாத்தியும் இருக்கலாம், அதனால அதைய மட்டும் வெச்சு முடிவு பண்ணக்கூடாது.

கல்லாறு ரோடு:
எங்க நீலகிரி மலை லைன்லயும் இதேதானுங்க. மேட்டுப்பாளையத்துல 1891ல வேலை ஆரம்பிச்சு 1899ல குன்னூர் வரைக்கும் ரயில் விட்டாங்க, 1908ல ஊட்டி, மொத்தம் 16 குகை, 250 பாலம், அத்தனையும் ஆளுங்க மலையேறிச் செஞ்சது. அந்த லைன்ல ஹில்குரோவ் ஸ்டேஷன் பக்கம் நிக்கற கட்டடமெல்லாம் ரயில் ஓட்டறதுக்கும் இஞ்சினுக்குத் தண்ணி புடிக்கறதுக்கும் வந்தது, பாறை ஒடைச்சவங்க எங்க படுத்தாங்கன்னு காட்டறதுக்கு ஒரு செவுரு கூட இல்ல. இங்கிலாந்துல ரிபிள்ஹெட்டுன்னு ஒரு எடத்துல 24 வளைவு வெச்ச பெரிய பாலம் 1870கள்ல கட்டுனப்ப கூலியாளுங்களுக்கு மரக்குடிசை போட்டு ஒரு ஊரே இருந்துச்சு, அம்மை வந்து நெறைய பேரு செத்தாங்க. குடிசை ஒண்ணும் மிஞ்சல, வெறும் புல்லு மேடுதான், ஆனா அந்த மேட்டையே அரசாங்கம் பாதுகாக்குது. அந்த மதிப்பு நம்ம ஆளுங்களுக்கும் வேணுமுங்க. தம்பி, அந்த வரிசைக்குப் பக்கத்துல லைன் மேட்டை ஒட்டி பழைய குழி, குட்டை இருக்குதான்னு பாருங்க, மேட்டுக்கு மண் எடுத்த குழியா இருந்தா அதுதான் லைன் போட்டவங்க கையால வெட்டுனது. அதையும் போட்டோ எடுங்க.

போத்தனூர் பேரன்:
நெம்ப நன்றிங்க எல்லாருக்கும். குட்டை ஒண்ணு இருக்குதுங்க, சின்ன வயசுல அங்க மீன் புடிச்சிருக்கறோம். கேங்மேன் வீடுன்னே எழுதறேன், அப்பிச்சியும் அந்த வேலைதானே பாத்தாரு. அங்க குடியிருந்த அம்மிச்சிக கொஞ்சப் பேரு இன்னும் இருக்கறாங்க, மொதல்ல அவங்களப் போயி கேட்டு ரெக்கார்டு பண்ணிக்கறனுங்க, உத்தரத்து எழுத்தை அப்பறம் பாத்துக்கலாம்.