பாட்டி பெட்டியில கெடச்ச பதக்கம் (பர்மாவுலயும் மெட்ராஸ்லயும் இருக்கிற எங்க குடும்பக் குரூப்புல பேசுனது)

அத்தை: (படம்) அம்மா டிரங்குப் பெட்டிய ஒதுக்குறேன். சேலை மடிப்புல இது இருந்துச்சு. வெள்ளி. ஒரு பக்கம் ராஜா ராணி, மறுபக்கம் அரபு எழுத்து. என்னன்னு தெரியுமாண்ணே?

தட்டோன் சித்தப்பா: ஜூபிலி மெடல். அப்பா சொல்லுவாரு.

கமாயுட் அக்கா: நாலு மணிக்கு கரண்டு போயிரும். காரியத்துக்கு சாமான் லிஸ்ட் யாரு அனுப்புறது?

மோல்மின் பெரியப்பா: ஜூபிலி இல்ல தம்பி. அது ராஜா ஆட்சிக்கு வந்த 25ஆம் வருச விழா, 1935. பின்னால 1910, 1935ன்னு ரெண்டு தேதி இருக்கும். அகலம் 32 மில்லிமீட்டர். ஸ்கேல் வச்சுப் பாரும்மா.

அத்தை: 38க்கும் 39க்கும் நடுவுல.

மோல்மின் பெரியப்பா: அப்ப 1911 டில்லி தர்பார் பதக்கமேதான்! எழுத்து அரபு இல்ல, பாரசீகம். அந்த வருசம் ஜூன் 22 லண்டன்ல ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு, டிசம்பர் 12 டில்லியில அதக் கொண்டாட ராஜசபை, அதான் தர்பார். ரெண்டுக்கும் பதக்கம் அடிச்சாங்க. முகம் ஒண்ணு, ரிப்பனும் ஒண்ணு, கருநீலத்துல நடுவே ரெண்டு சிவப்புக் கோடு. லண்டன் பதக்கம் சின்னது, பின்னால தேதி இருக்கும். அங்கதான் எல்லாரும் குழம்புறது. பர்மா 1937லதான் இந்தியாவ விட்டுப் பிரிஞ்சது, அதான் ரங்கூன் போலீசுல இருந்த நம்ம தாத்தாவுக்கும் கெடச்சிருக்கு.

கமாயுட் அக்கா: லிஸ்ட்டு??

அத்தை: கறுத்துக் கெடக்கு. புளி போட்டுத் தேய்க்கவா?

மோல்மின் பெரியப்பா: வேணாம்மா வேணாம்! அந்தக் கறுப்புதான் அதோட வயசு. தேய்ச்சா எழுத்தும் போயிரும், சேகரிக்கிறவங்க விரும்ப மாட்டாங்க.

அத்தை: ராணி கன்னத்துல லேசா தேய்ச்சுட்டேனே

மோல்மின் பெரியப்பா: இதோட நிறுத்திரு. துணியில சுத்தி வை.

தட்டோன் சித்தப்பா: ரங்கூன் ஸ்காட் மார்க்கெட்ல காட்டி வெல கேக்கலாம். காரியச் செலவு இருக்கு

மெட்ராஸ் பெரியப்பா: விக்கவா? எங்கப்பா மூத்தவரு. முறைப்படி எங்க வீட்டுக்கு வரணும்.

தட்டோன் சித்தப்பா: 64ல பர்மாவ விட்டுக் கப்பலேறினப்ப கேட்டிருக்கணும்

மெட்ராஸ் பெரியப்பா: கேட்டிருந்தா தொறமுகத்துலயே போயிருக்கும். எங்கம்மா தோட்டையும் வளையலையும் அங்கதான் கழட்டிக்கிட்டாங்க. மறந்துட்டியா?

அத்தை: அம்மா இங்க இருந்ததாலதாண்ணே இது மிஞ்சுச்சு

மெட்ராஸ் பெரியப்பா: அத நான் இல்லைன்னு சொல்லலம்மா

அத்தை: விளிம்புல என்னமோ வெட்டியிருக்கு. (படம்)

மோல்மின் பெரியப்பா: அரசாங்கம் பேர் போடாமத்தான் குடுத்துச்சு. தாத்தாவே ஆசாரிகிட்ட குடுத்து வெட்டியிருப்பாரு. என்ன எழுத்து?

அத்தை: தமிழு. கோணலா இருக்கு. ‘மு’ தெரியுது. அடுத்தது தேஞ்சிருச்சு.

மெட்ராஸ் பெரியப்பா: இன்னும் கிட்டப் புடிச்சு எடும்மா. தாத்தா கையெழுத்தா பாக்கணும்

கமாயுட் அக்கா: கரண்டு போச்சு. வாழையில எத்தனன்னு மட்டும் சொல்லுங்க

தட்டோன் சித்தப்பா: 60. மெடல் காரியம் முடிஞ்சு பேசுவோம்