யூபிஎஸ்சி வயது வரம்பு: ஓபிசி சான்றிதழ் பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே, சிவில் சர்வீஸ் எழுதியவர்கள், எழுதிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். என் தங்கை இதுவரை பொதுப் பிரிவில்தான் எழுதி வந்தாள், இந்த ஆகஸ்ட் 1-க்குள் 32 முடிந்துவிடும் என்பதால் அந்தப் பிரிவில் இனி வழியில்லை. எங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலிலும் இருக்கிறது, அதில் 35 வயது வரை, மொத்தம் 9 முறை எழுதலாம். ஆனால் கையில் இருப்பது மாநில அரசின் பிசி (பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் மட்டும்தான். கிரீமி லேயர் (ஓபிசியில் வசதி மிகுந்தவர்கள்) இல்லை என்ற சான்றிதழ் தனியாக வேண்டுமே! அப்பா அரசில் குரூப் சி ஊழியர், கொஞ்சம் நிலமும் உண்டு. சம்பளமும் விவசாய வருமானமும் அதற்கான 8 லட்சம் ஆண்டு வருமான வரம்புக் கணக்கில் சேராது என்பது விதி, ஆனால் தாலுகா அலுவலகத்தில் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்கிறார்கள். இதை எப்படிப் புரியவைத்தீர்கள், எந்த ஆணையைக் காட்டினீர்கள்?

அப்புறம் இன்னொன்று. ஒரு வருடம் காய்ச்சலால் பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) காலைத் தாள் மட்டும் எழுதிவிட்டு வந்துவிட்டாள், அதுவும் ஒரு வாய்ப்பாகக் கணக்காகும் என்று தெரியும். விண்ணப்பித்துப் போகாத வருடம் சேராது, சரி. பொதுப் பிரிவிலிருந்து ஓபிசிக்கு மாறி விண்ணப்பித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நேர்முகத்தில் சான்றிதழ் சரிபார்க்கும்போது கேள்வி எழுந்ததா? அவள் நன்றாகப் படிக்கிற பெண், ஒரு காகிதத்தால் நின்றுவிடக் கூடாது.