'ஸ்லோ லேர்னர்' பட்டியலைப் பலகையில் ஒட்டலாமா? முதல் பருவக் கணிதம் குறித்து ஒரு விவாதம்

தாமிரபரணிக்கரை:

பொறியியல் கல்லூரி ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்தி வருகிறேன். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததும், பாதி மதிப்பெண்கூட எடுக்காதவர்களின் பெயர்களைத் திரட்டி, 'ஸ்லோ லேர்னர்' என்ற தலைப்பில் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மாலை நான்கு மணிக்கு மேல் அவர்களைத் தனியே உட்கார வைத்துப் பாடம் நடத்துவது எங்கள் கல்லூரியின் வழக்கம். அந்தப் பட்டியலை அடியோடு நிறுத்திவிட்டு, கடினமான தாளுக்கு எல்லோருக்கும் பொதுவான துணை வகுப்பு வைக்க வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் தயங்காமல் எழுத வேண்டும்.

என்னை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தவர் ஒரு மாணவி. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவர். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர், என் தேர்வில் 'ரேங்க் ஆஃப் எ மேட்ரிக்ஸ்' கேட்ட கேள்வியைத் தொடவே இல்லை. அவரை அழைத்து, அதையே தமிழில் 'அணியின் தரம்' என்று மட்டும் கரும்பலகையில் எழுதினேன். சாக்கட்டியை என் கையிலிருந்து வாங்கி, அணியை ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து, பூச்சியமற்ற நிரைகளை எண்ணி, விடையின் அடியில் கோடும் போட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பலகையில் ஒட்டிய பட்டியலில் அவர் பெயர் ஏழாவதாக இருந்தது.

அமெரிக்காவில் மிசூரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகம் 1973இல் ஒரு முறையைத் தொடங்கியது. யார் பலவீனமான மாணவர் என்று தேடாமல், எந்தத் தாளில் அதிகம் பேர் தவறுகிறார்கள் என்று பார்த்து, அந்தத் தாளுக்கே துணை அமர்வுகளை வைத்தார்கள். அந்தத் தாளை முன்பே நன்றாக முடித்த மூத்த மாணவர் ஒருவர், மறுபடியும் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்து குறிப்பெடுத்து, வாரந்தோறும் அமர்வுகளை நடத்துவார். யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால், அங்கே உட்கார்ந்திருப்பதை வைத்து யாரையும் மட்டமாக எண்ண வழியில்லை. நம் கல்லூரிகளுக்கு இது பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வைகைக்கரையான்:

அம்மா, உங்கள் மாணவியின் நிலை எனக்கும் வருத்தம் தருகிறது. ஆனாலும் உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. துறைத் தலைவராக இருந்தவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, மாணவர்களின் கற்றல் நிலையை மதிப்பிட்டு, முன்னேறியவர்களுக்கும் மெதுவாகக் கற்பவர்களுக்கும் தனித்தனித் திட்டம் வகுத்திருக்கிறீர்களா என்று, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவே தன் மதிப்பீட்டில் கேட்டு வந்திருக்கிறது. அதற்குச் சான்று காட்ட, பட்டியல் ஏதோ ஒரு வடிவில் இருந்தே தீர வேண்டும்.

இரண்டாவதே எனக்கு முக்கியம். விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று அறிவித்தால், ஏற்கெனவே எண்பது வாங்குகிறவர் முதல் வரிசையில் வந்து உட்காருவார். முப்பது வாங்கியவர் விடுதி அறையை விட்டே வர மாட்டார். இதை நான் பல ஆண்டுகள் கண்ணால் கண்டிருக்கிறேன். பெயர் சொல்லி அழைத்து, வராவிட்டால் வீட்டுக்குத் தகவல் சொல்லி, கையைப் பிடித்து இழுத்து வந்ததால் அரியர் இல்லாமல் தேறியவர்கள் எத்தனையோ பேர். ஐஐடிகளிலும், குறைக்கப்பட்ட கட்-ஆஃபையும் எட்டாத பட்டியலின, பழங்குடியின, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு தனியாகத்தான் நடக்கிறது. தனியே நடத்துவதாலேயே ஒன்று இழிவாகிவிடாது. மானம் போகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஆண்டு போய்விடும்.

பாலாற்றுப் பையன்:

நான் அந்தப் பட்டியலில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். என் பெயரைப் பலகையில் பார்த்த அன்று, ஊரிலிருந்து ஒன்றாகப் பேருந்தில் வந்த நண்பனிடம்கூட அதைப் பற்றி நான் பேசவில்லை. தனி வகுப்பு நான்கேகாலுக்குத் தொடங்கும். கல்லூரிப் பேருந்து நான்கரைக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் இரண்டு பேருந்து மாறி வீடு சேர எட்டு மணி ஆகும். மூன்று நாள் உட்கார்ந்தேன், நான்காம் நாள் நின்றுவிட்டேன். 'அக்கறை இல்லை' என்று என் அப்பாவுக்குத் தகவல் போனது. கூலி வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்கு வந்த அவர், துறை அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஐயா, உங்களை நான் குறை சொல்லவில்லை. வகுப்புக்கு வராதவனுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், வகுப்பு வைத்த நேரம் சரியா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி:

நூலகத்தில் பணியாற்றுகிறேன். கருவிகள் நம் கையில் ஏற்கெனவே இருக்கின்றன என்பதை நினைவூட்டவே இந்தக் குறிப்பு. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் இணையவழிக் காணொளிப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; அவற்றில் பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. 2017இல் மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயமும் வந்துவிட்டது. மாணவர் அவற்றைத் திறந்து பார்த்தாலே பாதிக் குறை தீரும் என்பது என் எண்ணம்.

தாமிரபரணிக்கரை:

நூலக நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என்பிடெல் உரைகளை நானே பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் ஒரு மணி நேரக் காணொளியில் தனக்குப் புரியாத இடம் எது என்று கண்டுபிடிக்கவே ஓரளவு பாடம் தெரிந்திருக்க வேண்டும். என் மாணவிக்கு உண்மையில் உதவியது அதைவிட எளிய பொருள்: அரசு வெளியிடும் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரே எடுத்துக்காட்டுகள், ஒரே பயிற்சிகள். அவற்றை அருகருகே விரித்து வைத்து, நேர்மாறு அணிக்கு 'இன்வர்ஸ்', தொகையிடலுக்கு 'இன்டகிரேஷன்' என்று அவரே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். இப்படி ஒரு நோட்டு முதல் வாரத்திலேயே ஒவ்வொரு தமிழ்வழி மாணவர் கையிலும் இருக்க வேண்டும். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ புதிய மாணவர்களுக்காக வகுத்த மூன்று வார அறிமுகத் திட்டத்தில் இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாதா?

வைகை ஐயாவுக்கு: அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதக் கல்வியாளர் யூரி டிரைஸ்மன் 1970களில் முதலாண்டு நுண்கணிதத் தாளைத்தான் ஆராய்ந்தார். கறுப்பின மாணவர்கள் ஏன் தவறுகிறார்கள் என்று அவர்களுடனேயே பழகிப் பார்த்தபோது, உழைப்பிலோ குடும்பத்தின் அக்கறையிலோ குறை தெரியவில்லை. பெரும்பாலோர் தனியே அறையில் உட்கார்ந்து படித்தார்கள்; சீன வம்சாவளி மாணவர்களோ கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்துப் படித்தார்கள். அவர் அமைத்த பட்டறையில் எளிய கணக்குகளைக் கொடுத்து இறங்கி வரவில்லை. வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போட வைத்தார். தேர்ச்சி உயர்ந்தது. நாம் மாலையில் செய்வதோ, காலையில் புரியாத அதே பாடத்தை அதே குரலில் இன்னொரு முறை சொல்வதுதான்.

வைகைக்கரையான்:

தம்பி, உன் தந்தையை அப்படி நிற்க வைத்த நடைமுறைக்கு நானும் பொறுப்பு என்றே உணர்கிறேன். பேருந்து நேரத்தை நாங்கள் கணக்கில் கொள்ளவே இல்லை. பட்டியலைப் பலகையில் ஒட்டுவதை இனி நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆனால் அம்மா, மற்றவற்றில் உங்களோடு உடன்பட முடியவில்லை. முதலில், மூத்த மாணவர் தவறாகச் சொல்லிக் கொடுத்தால் யார் திருத்துவது? அடுத்து, 2018இல் ஆசிரியர்-மாணவர் விகிதம் 1:15 என்பதிலிருந்து 1:20 ஆகத் தளர்த்தப்பட்ட பிறகு, இருக்கும் ஆசிரியர்களுக்கே மூச்சுவிட நேரமில்லை. இந்த நிலையில் 'மூத்த மாணவர் பார்த்துக்கொள்வார்' என்று ஒரு வழி கிடைத்தால், நிர்வாகம் அதையே சாக்காக வைத்து ஆசிரியர் இடங்களை நிரப்பாமல் விட்டுவிடும் என்று அஞ்சுகிறேன். தவிர, யார் தடுமாறுகிறார் என்று தெரிந்து வைத்திருப்பது ஆசிரியரின் கடமை. பெயர்கள் என் குறிப்பேட்டில் இருக்கும். ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுப் பேசுவேன். அதையும் விடச் சொன்னால் விட மாட்டேன்.

தாமிரபரணிக்கரை:

குறிப்பேட்டில் இருக்கட்டும், ஐயா. அதற்கு எனக்கு எதிர்ப்பில்லை. மூத்த மாணவர் பாடம் நடத்தப் போவதில்லை. கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, 'அடுத்த படி என்ன?' என்று குழுவைக் கேட்பதுதான் அவர் வேலை. வாரம் ஒருமுறை ஆசிரியரோடு உட்கார்ந்து கணக்குகளைத் தேர்ந்தெடுப்பார், எங்கே சிக்கியது என்று சொல்வார். அவருக்கு ஊதியமும் தர வேண்டும் என்பேன். ஆசிரியர் இடங்களைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாலாற்றுப் பையன்:

நேரத்தைப் பற்றி ஒன்று. எங்கள் கால அட்டவணையில் வியாழக்கிழமை மூன்றாம் மணி 'நூலகம்' என்று இருந்தது. பெரும்பாலும் அதில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுவோம். அந்த மணியைத் துணை அமர்வுக்குக் கொடுத்தால் யாரும் பேருந்தைத் தவறவிட வேண்டியதில்லை.

ஏட்டுச்சுவடி:

எங்கள் நூலகத்திலும் அதே நிலைதான். மேசைகளை ஒன்றுசேர்த்து, ஒரு பலகையும் வைத்துத் தர என்னால் முடியும். இரண்டு பதிப்புப் புத்தகங்களையும் பத்துப் பத்துப் படி அச்செடுத்து அங்கேயே வைக்க, முதல்வரிடம் நாளையே கேட்கிறேன்.