ஆள் கிடைக்கலையா, ஆள் நிக்கலையா?

நைட் டியூட்டி:
மனசுல இருக்கறதை எழுதிடறேன், திட்டறவங்க திட்டுங்க. எங்க வார்டுல நைட்டுக்கு ரெண்டு பேர், 26 நோயாளி. அதுல நாலு பேரால தானா புரண்டு படுக்க முடியாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லன்னா படுக்கைப்புண் வந்துடும். போன வாரம் ஒரு ராத்திரி ரெண்டே தடவைதான் திருப்பினோம். சார்ட்டுல அஞ்சு தடவைன்னு என் கையெழுத்து இருக்கு. நடுவுல ஒருத்தருக்கு மூச்சுத்திணறல், மூணு மணி நேரம் அவர் பக்கத்துலயே போச்சு. காலைல அடுத்த ஷிப்ட்டுகிட்ட வார்டை ஒப்படைச்சுட்டு வெளிய வந்தா, மன அழுத்தத்தைச் சமாளிக்க ஒரு மணி நேர வகுப்பாம், கட்டாயம் உட்காரணுமாம். எனக்கு வகுப்பு வேண்டாம், மூணாவதா ஒரு ஆள் வேணும்.

கணக்குப்பிள்ளை:
நான் ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருக்கறவன், அடி வாங்கத் தயாராத்தான் வந்திருக்கேன். சிஸ்டர், நீங்க எழுதினது பொய்ப்பதிவு. அந்தச் சார்ட்டைப் பார்த்துட்டுத்தான் மேல இருக்கறவங்க "ரெண்டு பேரே சமாளிக்கறாங்களே"ன்னு சொல்றாங்க. அப்புறம், மூணாவது ஆளுக்கு எங்கே போறது? உலக சுகாதார நிறுவனத்தோட 2025 அறிக்கைப்படி, 2023-ல உலகம் முழுக்க 2.98 கோடி நர்ஸ்கள், பற்றாக்குறை 58 லட்சம். விளம்பரம் கொடுத்துட்டு மாசக்கணக்கா உட்கார்ந்திருக்கோம். வராதவங்களை நான் எப்படி வார்டுக்கு அனுப்ப?

பழைய சிஸ்டர்:
வராதவங்கள்ல நானும் ஒருத்தி சார். 11 வருஷம் ஐசியூ. நர்ஸ்னு கவுன்சில்ல இருக்கற என் பதிவை இன்னமும் புதுப்பிச்சுக்கிட்டு இருக்கேன், வேலைக்குத்தான் போகல. என் பேட்ச்ல பாதிப் பேர் இப்படித்தான். நீங்க பற்றாக்குறைன்னு சொல்றதுல ஒரு பங்கு, அந்த ரோஸ்டருக்கு (டியூட்டிப் பட்டியலுக்கு) திரும்ப மாட்டோம்னு வீட்ல இருக்கற நாங்க.

கலிபோர்னியாவுல 1999-ல சட்டம் போட்டு, 2004-ல நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. ஐசியூவுல ஒரு நர்ஸுக்கு ரெண்டு பேருக்கு மேல கூடாது, பொது வார்டுல 2005-லேர்ந்து அஞ்சு பேர். ஒருத்தர் சாப்பிடப் போனாலும் அந்தக் கணக்கு மாறக்கூடாது. "நர்ஸுக்கு எங்கே போறது"ன்னு அங்கேயும் கேட்டாங்க. சட்டம் வந்தப்புறம் ஒரு நர்ஸ் பார்க்கற நோயாளி எண்ணிக்கை நிஜமாவே குறைஞ்சது.

கணக்குப்பிள்ளை:
அதே அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 2018-ல இதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டாங்க. பத்துல ஏழு பேர் வேண்டாம்னுட்டாங்க. ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளின்னு வைக்கற விகிதம் தலையை எண்ணுது, நோயை எண்ணுறதில்ல. நாளைக்கு வீட்டுக்குப் போறவரும் ஒண்ணு, மணிக்கொரு தடவை பிபி பார்க்க வேண்டியவரும் ஒண்ணா? சின்ன ஆஸ்பத்திரி என்ன பண்ணும், கட்டிலைக் குறைக்கும். அப்புறம் அந்த நோயாளி எமர்ஜென்சி வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல கிடப்பார்.

கூட இருந்தவன்:
ரெண்டு தரப்பும் எங்களை மறந்துட்டீங்க. அப்பாவோட 12 நாள் வார்டுல இருந்தேன். டிரிப்ஸ் தீர்ந்து ட்யூப்ல ரத்தம் ஏறுதுன்னு சொல்லப் போனா, "தெரியும், போய் உட்காருங்க"ன்னு ஒரு கத்தல். ஆள் இல்லாததுக்கு நாங்களா பொறுப்பு? எந்த வேலையிலயும்தான் அலுப்பு இருக்கு. இதுக்கு மட்டும் பர்ன்அவுட், அதாவது வேலையால மனசு ஓஞ்சு போறதுன்னு பேர் வச்சா கத்தினது சரியாயிடுமா?

பழைய சிஸ்டர்:
சரியாகாது தம்பி. அப்படிக் கத்தினவள்ல நானும் உண்டு. ஆனா அலுப்புன்னா ரெண்டு நாள் ஆஃப் கிடைச்சாத் தீர்ந்துடும், இது தீராது. 1981-ல கிறிஸ்டினா மாஸ்லாக்னு ஒரு உளவியலாளர் இதை அளக்க ஒரு கேள்விப்பட்டியல் கொண்டு வந்தாங்க. அதுல களைப்பு ஒரு பகுதி மட்டும்தான். எதிர்ல இருக்கறவர் மனுஷனாத் தெரியாமப் போறது இன்னொண்ணு, நாம செய்யறதுல ஒண்ணும் இல்லைன்னு தோணுறது மூணாவது. எனக்கு அந்த ரெண்டாவதுதான் வந்துச்சு. ஒருநாள் ஒரு அம்மாவோட மகள் "அம்மா எப்படி இருக்காங்க"ன்னு கேட்டப்ப "எந்தக் கட்டில்?"னு கேட்டேன். ஒன்பது நாளா நான் பார்த்த நோயாளி அவங்க, பேர் வாயில வரல. அன்னிக்கு ராத்திரிதான் ராஜினாமா எழுதினேன்.

இன்னொண்ணு, உலக சுகாதார நிறுவனமே 2019-ல இதை நோய்னு சொல்லல, வேலை சார்ந்த நிலைன்னுதான் வகைப்படுத்துச்சு. அப்படின்னா மருந்தும் வேலையிலதானே இருக்கணும்?

நைட் டியூட்டி:
சார்ட் விஷயத்துல கணக்குப்பிள்ளை சார் சொன்னது சுருக்குன்னு இருந்துச்சு. ஒத்துக்கறேன். ஆனா "திருப்பல"ன்னு எழுதினா காலைல விளக்கக் கடிதம் கேட்கறது யாரு சார்? உங்க ஆபீஸ்தானே?

நர்ஸிங் ஆராய்ச்சியாளர் லிண்டா எய்க்கன் குழு அமெரிக்காவோட பென்சில்வேனியாவுல 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ஞ்சு 2002-ல முடிவை வெளியிட்டாங்க. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினா, ஆபரேஷன் ஆனவங்க 30 நாளுக்குள்ள இறக்கற வாய்ப்பு 7 சதவீதமும் நர்ஸுக்கு பர்ன்அவுட் வர்ற வாய்ப்பு 23 சதவீதமும் கூடியிருக்கு.

கணக்குப்பிள்ளை:
அது ஒரே காலத்துல எடுத்த படம். நல்லா நடக்கற ஆஸ்பத்திரியில நர்ஸும் அதிகம், சாவும் குறைவுன்னு இருக்கலாம். இதனாலதான் அதுன்னு ஆயிடாது.

பழைய சிஸ்டர்:
நியாயமான கேள்வி. அதுக்குத்தான் குயின்ஸ்லாந்து இருக்கு. ஆஸ்திரேலியாவுல அந்த மாநிலம் 2016-ல விகிதம் கொண்டு வந்துச்சு, எல்லா ஆஸ்பத்திரிக்கும் இல்ல. அதனால சட்டம் வந்த இடத்தையும் வராத இடத்தையும், முன்னாடியும் பின்னாடியும் ஒப்பிட முடிஞ்சது. முடிவு 2021-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. நர்ஸ் கூடின இடத்துல இறப்பும், திரும்ப அட்மிட் ஆகறதும், ஆஸ்பத்திரியில தங்கற நாளும் குறைஞ்சது. மிச்சமான செலவு, கூடுதல் நர்ஸுக்கு ஆனதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. கணக்குப்பிள்ளைன்னு பேர் வச்சிருக்கீங்க, இந்தக் கணக்கைப் பாருங்க.

கணக்குப்பிள்ளை:
மிச்சம் ஒருத்தர் பையில, செலவு இன்னொருத்தர் பையில இருந்தா அந்தக் கணக்கு உதவாது மேடம். எங்களுக்கு நாள் கணக்குல பணம் வருது. நோயாளி சீக்கிரம் வீட்டுக்குப் போனா எங்க வரவுதான் குறையும். அசிங்கமா இருக்கு, தெரியுது. ஆனா அதான் நிலைமை. விகிதச் சட்டத்துக்கு நான் இன்னும் தலையாட்டல. விளக்கக் கடிதம் கேட்கறதை நிறுத்தறதும், ரோஸ்டரை ரெண்டு வாரம் முன்னாடியே போடறதும் என் கையில இருக்கு. அதைப் பேசறேன்.

கூட இருந்தவன்:
அந்த மூச்சுத்திணறல் வந்தவர் என்ன ஆனார் சிஸ்டர்?

நைட் டியூட்டி:
பொழைச்சுட்டார், ஐசியூவுக்கு மாத்தினோம். திருப்பாம விட்ட நாலு பேர்ல ஒருத்தருக்கு இடுப்புல சிவந்திருக்கு.

சார், ரோஸ்டரை முன்னாடி போடறது சரி. போட்டதுக்கு அப்புறம் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணி மாத்தாம இருப்பீங்களா?