சியாங் மாயில் கைடு புத்தகத்தில் இல்லாத சாப்பாட்டுக் கடைகள்: உங்கள் அனுபவம் என்ன?

குடந்தைவாசி

காவ் சோய், அதாவது வடக்குத் தாய்லாந்தின் தேங்காய்ப்பால் நூடுல்ஸ் குழம்பு, என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஃபா ஹாம் சாலையில் எல்லோரும் சொல்லும் கடைகளில் நானும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்றுவரை மனசை அரிப்பது வேறு ஒரு கடை.

பழைய நகரத்தின் அகழியைத் தாண்டி வடக்கே சந்தித்தாம் பக்கம் தங்கியிருந்தேன். வீடுகளும் சலவைக் கடைகளும் நிறைந்த பகுதி. மதியம் ஒரு சந்தில் வீட்டு முன்பக்கத்தையே கடையாக்கி நாலைந்து மடக்கு மேஜை போட்டிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க அலுவலக ஆட்கள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பலகையில் ஒரு எழுத்துகூட இங்கிலீஷில் இல்லை. விரலை நீட்டி பக்கத்து மேஜைக் கிண்ணத்தைக் காட்டினேன், வந்தது.

தேங்காய்ப்பால் குழம்பு, கோழிக்கால், மேலே பொரித்த நூடுல்ஸ். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு. நான் பாட்டுக்கு குழம்பை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் தட்டிலிருந்த எலுமிச்சைத் துண்டை எடுத்து என் கிண்ணத்தில் பிழிந்தார். ஊறவைத்த கடுகுக்கீரை, நறுக்கிய சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். எண்ணெயில் வறுத்த மிளகாய் விழுதைக் கரண்டி நுனியில் எடுத்து, என் முகத்தைப் பார்த்து, பாதியைத் திருப்பி வைத்துவிட்டு மீதியைப் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கிண்ணத்துக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த வாய் வேறு சாப்பாடு. அதுவரை வெறும் கொழுப்பாக இருந்த குழம்பில் புளிப்பு ஏறி, கீரையின் கரகரப்பு சேர்ந்து, அடடா. மறுநாள் போனேன், ஞாயிற்றுக்கிழமை, ஷட்டர் போட்டிருந்தது. அன்றைக்கே ஊர் திரும்ப வேண்டியதாகிவிட்டது. யாருக்காவது அந்தச் சந்து தெரியுமா? உங்களுக்கும் இப்படி ஒரு கடை இருந்தால் எழுதுங்கள்.

நடைப்பயணி

"உள்ளூர் ஆளைக் கேள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள் இல்லையா, அதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. சிவப்பு சோங்தேவ் (ஷேர் டாக்சி மாதிரி ஓடும் வண்டி) ஓட்டுநரிடம்தான் கேட்டோம். உள்ளூர்ச் சாப்பாடு, நல்ல கடை என்றோம். ஆற்றோரமாக ஒரு பெரிய இடத்தில் இறக்கிவிட்டார். வாசலில் டூரிஸ்ட் பஸ்கள். உள்ளே மேடை, நடனம், வட்டத் தட்டில் கான்தோக் விருந்து. ஸ்டிக்கி ரைஸ் ஆறிப்போய் விறைத்திருந்தது. கேங் ஹங் லே என்ற பன்றியிறைச்சிக் குழம்பு என்று வந்ததில் இஞ்சியும் இல்லை, புளியும் இல்லை, சர்க்கரைத் தண்ணீர். தலையைத் திருப்பிப் பார்த்தால் ஓட்டுநர் கல்லாவில் நிற்கிறார். காசாளர் ஒரு சீட்டில் முத்திரை குத்தி அவரிடம் கொடுக்கிறார். எங்கள் மேஜையைக் கையால் காட்டி, தலைகளை எண்ணினார்கள். அந்த எண்ணிக்கைதான் கண்ணிலேயே நிற்கிறது.

மறுநாள் விடுதியில் அறை துடைக்க வந்த அக்காவிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: நீங்கள் மதியம் எங்கே சாப்பிடுவீர்கள்? பின்சந்தில் ஒரு காவ் கேங் கடையைக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் குழம்புத் தட்டுகள், சோற்றின் மேல் இரண்டு வகை ஊற்றித் தருவார்கள். அங்கே சாப்பிட்ட ஹங் லேயில் பன்றியிறைச்சி கரண்டியைத் தொட்டதும் பிரிந்தது. முழுப் பூண்டு ஊறுகாய் குழம்பிலேயே வெந்து கிடந்தது. விலை அந்த விருந்தின் கால்வாசிகூட வராது. யாரைக் கேட்கிறோம் என்பதைவிட, அவர் சொந்தக் காசில் எங்கே சாப்பிடுகிறார் என்று கேட்பதுதான் முக்கியம்.

அகழிக்கரை

இரண்டு பேருடனும் எனக்கு உடன்பாடு இல்லை. பெயர்ப்பலகை இல்லாத சந்துக் கடைதான் உண்மையான கடை, பெயர் வாங்கிய கடை கெட்டுப்போன கடை என்று ஒரு எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. பழைய நகரத்தின் வடக்கு வாசலான சாங் புவாக் வாசலுக்கு எதிரே சாயங்காலம் கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு காவ் கா மூ விற்கும் அம்மாவைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரை கிடையாது. போய் நின்று பாருங்கள். வரிசையில் பாதிப்பேர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பார்சலுக்கு நிற்கும் உள்ளூர்க்காரர்கள். வெந்த பன்றிக்காலை வெட்டுக்கத்தியால் தட்டித் தட்டி நறுக்கி, சோற்றின் மேல் பரப்பி, அவித்த முட்டையைப் பாதியாகப் பிளந்து வைத்து, கரும்பழுப்புக் குழம்பை ஒரே வீச்சில் ஊற்றுவார். மஞ்சள் கரு முழுசாக வேகாமல் பளபளவென்று குழம்போடு கலக்கும். இத்தனை புகழ் வந்தும் அந்தக் கை வேகம் குறையவில்லை. அதைப் பார்ப்பதற்காகவே நான் மறுபடியும் வரிசையில் நின்றேன்.

குடந்தைவாசி அண்ணா, சந்தித்தாம் ஒன்றும் யாரும் கண்டுபிடிக்காத இடம் இல்லை. மிஷலின் உணவக வழிகாட்டிப் பட்டியல் 2020 பதிப்பில்தான் சியாங் மாய்க்கு வந்தது. மலிவாக நல்ல சாப்பாடு தரும் கடைகளுக்கான பிரிவில் சந்தித்தாமில் இருக்கும் காவ் சோய் மே சாய் இடம் பிடித்திருக்கிறது. அதுவும் சாதாரணக் கடைதான், ஸ்டூலில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். பட்டியலில் இருப்பது குற்றமா?

மஞ்சள்கொடி

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்த விவாதமே வேறு. எந்தக் கடை ருசி என்பதற்கு முன்னால் எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதுதான் எங்கள் கவலை.

சோம்பெட் சந்தைப் பக்கம் ஒரு பெண் மண் உரலில் பப்பாளிக்காய் சாலட் இடித்துக்கொண்டிருந்தார். இறைச்சி வேண்டாம் என்றேன், சிரித்துத் தலையாட்டினார். பீன்ஸ், தக்காளி, மிளகாய் எல்லாம் இடித்துவிட்டு ஒரு பாட்டிலைக் கவிழ்த்தார். மீன் சாற்றின் வாடை குப்பென்று வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, முகம் சொல்லியிருக்க வேண்டும். அவர் உரலை அப்படியே கவிழ்த்துக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, உலக்கையையும் கழுவி, புதிதாக இன்னொரு பப்பாளியைச் சீவ ஆரம்பித்தார். இந்த முறை உப்பும் எலுமிச்சையும் மட்டும். பாட்டிலை எனக்குத் தெரியும்படி மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்தார். கொட்டியதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன், வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று எழுதியிருக்கும் கடைகளை மட்டும் தேடிப் போனேன். மீன் சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது, அதனால் வீட்டில் அது சாப்பிடாத என் மாமியாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார். காளான் போட்ட ஜே காவ் சோய் ஒரு கடையில் கிடைத்தது. எந்தக் கைடிலும் நான் பார்த்ததில்லை.

சீலோம்வாசி

பாங்காக்கில் வேலை, சியாங் மாய்க்கு அடிக்கடி போவேன். என் கதை சின்னது. லாப் என்ற கொத்திறைச்சிச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உள்ளூர் நண்பர்கள் பச்சை இறைச்சியில் செய்த லாப் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். கடைக்கார அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து தட்டை எடுத்துவிட்டு, வாணலியில் வதக்கியதைக் கொண்டுவந்து வைத்தார். நண்பர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அதிலிருந்தே சொல்கிறேன், தயவுசெய்து எல்லோரும் கேளுங்கள். சந்துக் கடையைத் தேடிப் போகிறவர்கள் லாப் டிப் என்ற பச்சை லாப்பைத் தொடாதீர்கள், லாப் குவா என்று கேளுங்கள், அது வதக்கியது. வேகாத பன்றியிறைச்சியாலும் ரத்தத்தாலும் ஒரு பாக்டீரியா தொற்று வடக்குத் தாய்லாந்தில் அடிக்கடி வருகிறது. காய்ச்சலோடு காது நிரந்தரமாகக் கேட்காமல் போகலாம், உயிரும் போகலாம். அங்கே சுகாதாரத் துறை வருடா வருடம் எச்சரிக்கிறது. வதக்கிய லாப்பிலும் ருசி குறையாது. மாக்வேன் என்று ஒரு காட்டு மிளகு போடுவார்கள், நாக்கு லேசாக மரத்துப்போகும். அந்த ஊர் லாப்பின் உயிரே அதுதான்.

அப்புறம் நேரம். நல்ல காவ் சோய் கடைகள் பெரும்பாலும் மதியக் கடைகள். இரண்டு மூன்று மணிக்குப் பானை காலியானால் மூடிவிடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு காவ் சோய் தேடிவிட்டு ஊரைக் குறை சொல்லாதீர்கள். சோங்க்ரான் என்ற தாய்லாந்துப் புத்தாண்டு சமயம், ஏப்ரல் 13 முதல் 15 வரை, குடும்பக் கடைகள் பல மூடியிருக்கும்.

சுவரைப் பாருங்கள். ஷெல் சுவான் சிம் என்று கிண்ணப் படம் போட்ட பழைய பலகை சில கடைகளில் தொங்கும். மோம் ராஜவோங் தனத்ஸ்ரீ ஸ்வஸ்தி என்ற சாப்பாட்டு எழுத்தாளர் 1961இல் தொடங்கிய பரிந்துரை அது, மிஷலின் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால். பலகை பழையது, சமைப்பவர் மாறியிருக்கலாம், ஆனாலும் உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

போனில் தேடும்போது இங்கிலீஷில் தேடாதீர்கள். சாப்பாட்டின் பெயரைத் தாய்லாந்து எழுத்தில் நகலெடுத்து மேப்பில் ஒட்டுங்கள், வேறு ஊரே தெரியும். வொங்னாய் செயலியில் உள்ளூர்க்காரர்களே எழுதுகிறார்கள், மொழிபெயர்த்துப் படிக்கலாம். பட்டியல் நீளமான கடையைவிட ஒன்றிரண்டு வகை மட்டும் செய்யும் கடையை நம்புங்கள். பல்கலைக்கழகத்தின் பின்பக்கம், சுதேப் சாலையில், மாணவர்களுக்கான கடைகள் இருக்கின்றன. அங்கே நிற்கும் மாணவர்களைக் கேளுங்கள், ஓட்டுநர்களை அல்ல. நடைப்பயணி சொன்னது சரி.

மஞ்சள்கொடி மேடம், "மை சாய் நாம் ப்ளா" என்று சொல்லிப் பழகுங்கள், மீன் சாறு போடாதீர்கள் என்று அர்த்தம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் சாறு இறைச்சிக் கணக்கில் வராது என்றுதான் பலரும் நினைப்பார்கள்.

காயல்காரன்

சீலோம்வாசி, லாப் எச்சரிக்கைக்கு நன்றி, அது எல்லோரும் படிக்க வேண்டியது. ஆனால் செயலி விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. உள்ளூர்க்காரர் எழுதும் செயலியும் கடைசியில் எல்லோரையும் ஒரே நாலு கடைக்குத்தான் அனுப்புகிறது. எனக்குக் கிடைத்த நல்ல சாப்பாடு எந்தத் திரையிலும் வரவில்லை, தொழுகைக்குப் போனதால் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை. நைட் பஜாருக்குப் பக்கத்தில், சாரோன் ப்ரதேத் முதல் சந்தில் பான் ஹோ பள்ளிவாசல். சீனாவின் யுன்னானிலிருந்து கோவேறு கழுதைக் கூட்டத்தோடு வணிகத்துக்கு வந்து தங்கிய ஹோ முஸ்லிம்கள் கட்டியது. ஜும்ஆவுக்கு நேரத்தோடு போய்விடலாம் என்று காலையிலேயே கிளம்பினேன். பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு திறந்த மைதானத்தில் சந்தை கூடியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை மட்டும்தான் அது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், ஷான் இனத்தவர்கள், யுன்னான்காரர்கள். வட்ட வட்டமாகத் தட்டிக் காயவைத்த சோயா அப்பளம் போல ஒன்று, காயவைத்த மாட்டிறைச்சி, பெயர் தெரியாத கீரைகள்.

ஒரு அம்மா பெரிய பானையில் மஞ்சளாக எதையோ கிளறிக்கொண்டிருந்தார். கொண்டைக்கடலை மாவில் காய்ச்சும் ஷான் தோஃபு. கெட்டியாவதற்கு முன்னால் கூழாக இருக்கும்போதே நூடுல்ஸ் மேல் ஊற்றி, வேர்க்கடலைப் பொடியும் மிளகாய் எண்ணெயும் விட்டுக் கொடுத்தார். நின்றபடியே சாப்பிட்டேன். வெயில் ஏறாத நேரம், கிண்ணத்திலிருந்து ஆவி கண்ணாடியை மூடிவிட்டது. பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர் ஸலாம் சொல்லிவிட்டு என் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். அந்த அம்மாவிடம் ஏதோ கடிந்து சொன்னார். அம்மா உடனே இன்னொரு கரண்டி ஊற்றினார். முதலில் குறைவாக ஊற்றிவிட்டார் போல.

ஹலால் தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்தச் சந்திலேயே காவ் சோய் கடைகள் இருக்கின்றன, மாட்டிறைச்சி காவ் சோய் கேளுங்கள். காவ் சோயே இந்த ஹோ மக்கள் வழியாக வந்தது என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள்.

நடைப்பயணி

அகழிக்கரை, பட்டியலில் இருப்பது குற்றம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. கமிஷன் வாங்கிக்கொண்டு கூட்டிப்போவதுதான் குற்றம். நீங்கள் சொல்லும் காவ் கா மூவை நானும் சாப்பிட்டேன், நல்ல சாப்பாடு. ஆனால் பெயர் வாங்கிய கடைக்கே திரும்பத் திரும்பப் போனால் அறை துடைக்கும் அக்கா சாப்பிடும் இடம் நமக்குத் தெரியாமலே போகும். அவ்வளவுதான் என் வாதம்.

வடக்குவாசல்

எல்லோரும் காவ் சோய் காவ் சோய் என்கிறீர்கள். அந்த ஊர்க்காரர்கள் அதற்குச் சமமாகச் சாப்பிடும் கனோம் ஜீன் நாம் நியாவ் என்ற அரிசி நூடுல்ஸ் குழம்பு பற்றி ஒருவர்கூட எழுதவில்லையே என்று ஆதங்கமாக இருக்கிறது. தேங்காய்ப்பால் இல்லை. தக்காளிப் புளிப்பு, பன்றி எலும்பு, ரத்தக்கட்டி, அதோடு இலவ மரத்துப் பூவைக் காயவைத்துப் போடுவார்கள். நான் முதலில் பார்த்தபோது ஏதோ வேர் என்று நினைத்துக் கடித்தேன், குழம்பு முழுவதையும் குடித்து ஊறியிருந்தது, மென்றால் காளான் போல. காவ் சோய்க்கு வரிசையில் நின்றுவிட்டு அதே கடையில் கிடைக்கும் இதைக் கேட்காமல் வருபவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

வரோரோட் சந்தைக்குள் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பகுதிக்குப் போங்கள். காலையிலேயே போங்கள். மெல்லிய வெள்ளை அரிசி நூடுல்ஸைச் சுருள் சுருளாகக் கூடையில் அடுக்கி வைத்திருக்கும் மேஜை எதுவோ, அங்கே உட்காருங்கள். முளைக்கட்டிய பயறும் ஊறுகாய்க் கீரையும் தனியாக வரும், பொரித்த பன்றித்தோலும் இருக்கும், எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள்.