ஐ7-3770 ப்ரொசசர் (கம்ப்யூட்டரின்ர மூளைச் சிப்) பாவிச்சது 12,000 ரூபாவுக்கு வாங்கலாமா?

கேள்வி (மட்டக்களப்பு): எச்61 மதர்போர்ட், ஐ3-2120, 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். ஃபோட்டோ எடிட்டிங், பிரவுசர். டவுனில ஐ7-3770 12,000, ஐ5-3470 5,000 சொல்றாங்க. எது எடுக்கலாம் அண்ணே?

பதில் 1 (கல்முனை): ஐ5 எடுங்க தம்பி. இரண்டும் 2012ல வந்த, 77 வாட், நாலு கோர் சிப்தான். டர்போ, அதாவது உச்ச வேகம், ஐ5க்கு 3.6, ஐ7க்கு 3.9 கிகாஹேர்ட்ஸ், எட்டு வீதம்தான் கூட. ஐ7க்கு எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில ஓடுற வேலைத் தடம்) இருக்கு, ஐ5க்கு நாலுதான். வீடியோ ரெண்டர் பண்ணினால்தான் அது காசுக்குப் பெறும். மிச்சக் காசை எஸ்எஸ்டிக்கும் (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பு) இன்னொரு 4 ஜிபி ராமுக்கும் போடுங்க. உங்கட மெஷினை இழுக்கிறது முக்கியமா அந்த ஹார்ட் டிஸ்க்தான்.

பதில் 2 (காத்தான்குடி): முதல்ல பயோஸைப் பாருங்க, அது மெஷினை எழுப்புற போர்ட்டின்ர சொந்த மென்பொருள். பழைய எச்61 போர்ட் நீங்க கேட்ட இரண்டு மாதிரி 3ம் தலைமுறை சிப்பை அப்டேட் இல்லாமல் அறியாது, திரை கறுப்பாவே நிற்கும். ஐ3 சொக்கெட்டில இருக்கும்போதே அப்டேட் பண்ணுங்க, கழட்டிட்டா திரும்ப ஐ3யைப் போட்டுத்தான் செய்யவேணும். பின்கள் போர்ட்டிலதான் இருக்கு, டோர்ச்சைச் சரிச்சு அடிச்சுப் பாருங்க: வளைஞ்ச பின் மட்டும் வேற மாதிரி மினுங்கும். கடலோர வீடெண்டால் பச்சை பிடிச்சிருக்கான்னும் பாருங்க. சிப்புக்கும் கூலருக்கும் இடையில இருக்கிற பழைய பேஸ்டை (வெப்பம் கடத்துற பசை) ஐசோப்ரோப்பைல் அல்ககோலால துடைச்சு, பயறளவு புதுசு வைங்க. கூலரின்ர நாலு பிளாஸ்டிக் பின்னையும் குறுக்குக் குறுக்கா அமத்துங்க. ஒண்டு கழண்டாலும் 90 பாகையைத் தாண்டி வேகம் விழும்.

பதில் 1: ஒண்டு விட்டுட்டன். இரண்டிலயும் ஏவிஎக்ஸ்2 (புதிய சிப்களில இருக்கிற ஒரு கட்டளைத் தொகுதி) இல்ல, அது கேட்கிற மென்பொருள் திறக்காது. விண்டோஸ் 11க்கும் அதிகாரபூர்வ ஆதரவில்ல. 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ல முடிஞ்சது. 12,000 போட நான் சொல்லமாட்டன்.